மறுமொழி: கண்குழியா, விழிக்கூடா?

அன்புள்ள நண்பர்களே,

கண் உட்கார்ந்திருக்கும் எலும்பு அறையை ஆங்கிலத்தில் 'ஆர்பிட்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'கண்குழி'யே போதும் என்று நம் குழுவில் ஐயா எழுதியிருந்தார். போன வாரம் வரை நானும் அந்தக் கட்சிதான். (கோள்கள் சுற்றும் பாதைக்கும் 'ஆர்பிட்' என்றே பெயர் என்பதால் மொழிபெயர்ப்பு மென்பொருள் தந்த 'கண் சுற்றுப்பாதை'யை விட்டுவிடுவோம். குழந்தையின் முகத்தில் செவ்வாயும் வியாழனுமா சுற்றுகின்றன?)

சேலத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் அறிக்கைகளைப் பெற்றோருக்குத் தமிழில் எழுதிக் கொடுப்பது என் வேலை. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா குழந்தையோடு வந்திருந்தார். மண்டையோட்டு எலும்புகள் சேரும் கோடு மூட்டுவாய், ஆங்கிலத்தில் 'சூச்சர்'. அதில் நெற்றி எலும்புக்குப் பின்னால் தலையின் குறுக்கே ஓடும் கொரோனல் மூட்டுவாய் இரண்டு பக்கமும் காலத்துக்கு முன்பே இறுகிவிட்டதால் நெற்றி தட்டையாகி, கண்கள் பிதுங்கியிருந்த குழந்தை. நெற்றி எலும்பையும் கண்ணுக்கு மேலுள்ள எலும்புப் பட்டையையும் அறுத்து முன்னே நகர்த்தியிருந்தார்கள். 'கண்குழி ஆழம் கூடியிருக்கிறது' என்று எழுதினேன். நல்ல செய்திதான். படித்ததும் அம்மாவின் முகம் வாடிவிட்டது.

"ஏங்க, புள்ளைக்குக் கண்ணு குழி விழுந்துடுச்சா?"

நம் பேச்சில் கண் குழி விழுந்தால் காய்ச்சல், பட்டினி, தூக்கமில்லாத ராத்திரி. "இல்லம்மா, கண்ணு உக்கார்ற எலும்புக் கூடு. முன்ன சின்னதா இருந்துச்சு, இப்ப இடம் கெடைச்சிருக்கு" என்றதும் தெளிந்தார். மார்புக்கூடு என்கிறோமே, அதே கூடு. 'கண்கூடு' என்றே வைத்திருப்பேன். 'கண்கூட்டின் மாற்றம் கண்கூடு' என்று யாராவது எழுதித் தொலைப்பார்கள். ஆகவே விழிக்கூடு.

விழிக்கூட்டின் கொள்ளளவை அளக்கும் முறைக்கும் இந்தச் சொல் ஒத்துவருகிறது. சி.டி. படத்தில் துண்டு துண்டாக எலும்பின் உள்விளிம்பை வரைந்து, ஒவ்வொரு பரப்பையும் துண்டின் தடிமனால் பெருக்கிக் கூட்டினால் கொள்ளளவு. சிக்கல் முன்பக்கத்தில். அங்கே எலும்பு இல்லை, திறந்து கிடக்கிறது. கோட்டை எங்கே போட்டு மூடுகிறோமோ அதற்கேற்ப விடை மாறும். சாக்கு வாய், கிணற்று வாய் போல அதை 'விழிக்கூட்டு வாய்' எனலாம். அறுவைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் வாயைக் கட்டாவிட்டால் ஒப்பீடே வீண். அப்புறம், குழந்தை வளர வளர விழிக்கூடும் தானாகப் பெரிதாகும். கூடியதை எல்லாம் அறுவையின் கணக்கில் எழுத முடியாது. அதனால் 'வளர்ச்சி'யை ஒரு பத்தியிலும் 'திருத்தம்' என்பதை இன்னொரு பத்தியிலும் போடுகிறேன்.

'சூச்சருக்குத் தையல்' என்று நம் குழுவிலுள்ள அம்மா சொன்ன யோசனை எனக்கு ஒப்பவில்லை. அறுவை முடிந்த வீட்டில் 'தையல் இறுகிவிட்டது' என்றால் டாக்டரிடம் ஓடுவார்கள். கைலி மூட்டுகிறோம் அல்லவா, மூட்டுவாயே இருக்கட்டும்.

கண்ணுக்கு மேலே நகர்த்திய அந்த எலும்புப் பட்டைக்குப் 'புருவப்பட்டை' என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.