கோமாரித் தடையில் மாடுகள் அடைபட்டுக் கிடக்கின்றன, அரசு நிவாரணம் கிடைக்குமா?

வெருலம்வாசி:
தென்னாப்பிரிக்காவில், குவாசுலு-நட்டால் மாகாணத்தில் மாடு வைத்திருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள். அப்பாவிடம் 14 மாடுகள். பக்கத்துப் பண்ணையில் கோமாரி என்று எங்கள் இடத்துக்கும் தடை போட்டுவிட்டார்கள், ஒன்றையும் சந்தைக்கு ஓட்ட முடியவில்லை, தீவனம் மட்டும் கடனில் வந்துகொண்டே இருக்கிறது. நேற்றிலிருந்து ஒரு கறவை மாடு வாயில் நுரை தள்ளுகிறது, நாக்கில் கொப்புளம், குளம்பிடுக்கு வெடித்து காலை ஊன்றவே மாட்டேன் என்கிறது. 2020இல் கொரோனா நேரத்தில் சிறு பண்ணைகளுக்குக் கொடுத்தார்களே, அந்த மாதிரி இப்போது ஏதாவது உண்டா?

டோங்காட் அண்ணன்:
தம்பி, முதலில் அந்த மாட்டைப் பற்றி அரசு கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள், இன்றைக்கே. மறைத்தால் சட்டப்படி குற்றம். 2020இல் வந்தது தனித் திட்டம், 120 கோடி ராண்ட், அதில் 40 கோடி அரசு நிலத்தில் பண்ணை வைத்திருப்பவர்களுக்கே போனது. மற்றவர்களில் ஆண்டு விற்பனை 20,000 முதல் 10 லட்சம் ராண்ட் வரை உள்ளவர்கள்தான் கேட்க முடிந்தது, அதுவும் அதிகபட்சம் 50,000, அதையும் ரொக்கமாகத் தரவில்லை, வவுச்சர்தான். நிரந்தரமாக இருப்பது 1984ஆம் ஆண்டு கால்நடை நோய்ச் சட்டம், 19ஆம் பிரிவு. அரசு உத்தரவால் மாட்டைக் கொன்றால் இழப்பீடு கேட்கலாம். தடையில் நின்று நஷ்டப்படும் மாட்டுக்கு அதில் வழி இல்லை.

மாரிட்ஸ்பர்க் அக்கா:
அதுதான் எனக்கு வயிறு எரிகிறது. கோமாரி வந்த பெரிய மாடு பெரும்பாலும் சாகாது, ஆனால் பால் வற்றிப்போகும், சினை கலையும், கன்றுதான் செத்துப்போகும், இதில் எதுவும் கணக்கில் வராதா? 2019இல் நாட்டின் பெரும்பகுதிக்கு இருந்த கோமாரி இல்லாத பகுதி என்ற தகுதி போனது, 2021இல் நம் மாகாணத்துக்கு வந்தது, இத்தனை வருடத்தில் தடைக்காலத் தீவனத்துக்காவது ஒரு ஏற்பாடு செய்திருக்க வேண்டும். நோய் பரவாமல் இருக்க ஊருக்காகத்தானே நாம் மாட்டை அடைத்து வைக்கிறோம்! தம்பி, நோய் வராத மாடுகளை அனுமதி வாங்கி, அவர்கள் குறிப்பிடும் கசாப்புக்கூடத்துக்கு நேராக அனுப்ப முடியுமா என்று மருத்துவரிடமே கேளுங்கள். விலை குறைவாகத்தான் வரும், இருந்தாலும் தீவனக் கடன் கொஞ்சம் அடையும்.

டோங்காட் அண்ணன்:
அக்கா சொல்வது நியாயம். நாளைக்கே ஏதாவது நிவாரணம் அறிவித்தாலும் காகிதம் இருப்பவனுக்குத்தான் முதலில் போகும், எங்கள் பக்கம் நிறையப் பேர் அங்கேதான் விடுபட்டார்கள். தடை உத்தரவின் நகல், தீவன பில், பால் ஊற்றிய கணக்கு, ஒவ்வொரு மாட்டின் படம், எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். அப்புறம் மாட்டில் சூடோ பச்சையோ போட்ட அடையாளம் இருக்க வேண்டும், அது பதிவாகியும் இருக்க வேண்டும், 2002 சட்டம் அது. பதிவு யார் பெயரில் இருக்கிறது?

வெருலம்வாசி:
இப்போதுதான் அப்பாவிடம் கேட்டேன், தாத்தா பெயரில்தான் இருக்கிறதாம். மருத்துவருக்குப் போன் செய்துவிட்டோம், காலையில் வருகிறார். பெயர் மாற்ற என்ன கேட்பார்கள் அண்ணா, தாத்தாவின் இறப்புச் சான்றிதழ் போதுமா?