சூடோவயர் விவரம் முகாமைத்துவ மென்பொருளில் வெறுமையாக வருகிறது – மட்டக்களப்பு, அக்கரைப்பற்று இணைப்பு

வாவிக்கரை – திங்கள், இரவு 9:15

வணக்கம், அவசரமாக ஒரு உதவி வேண்டும்.

மட்டக்களப்பு டவுனில் இருந்துகொண்டு ஒரு கடன் கூட்டுறவு அமைப்பின் நெட்வேர்க்கைப் பார்க்கிறேன். மட்டக்களப்பு, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று கரையோரமாக நான்கு சிஸ்கோ ரவுட்டர். இடையில் ரேடியோ லிங்க், அதன் மேல் எம்பிஎல்எஸ் (தரவுக்கு லேபல் ஒட்டி அனுப்பும் முறை). அக்கரைப்பற்றுக் கிளையின் கவுண்டர் கணினிகள் இங்கே இருக்கும் பழைய கணக்குச் சேர்வரோடு ஒரே விலானில் (ஒரே உள்ளூர் நெட்வேர்க் பிரிவில், இலக்கம் 120) இருந்தால்தான் கணக்கு மென்பொருள் வேலை செய்யும். அதனால் இரண்டு முனைக்கும் நடுவே ஒரு ஈதர்நெட் சூடோவயர், அதாவது நேரடிக் கம்பி போல நடக்கும் மெய்நிகர் இணைப்பு, போட்டிருக்கிறார்கள். இதைக் கட்டிய அண்ணன் வெளிநாடு போய்விட்டார். எனக்கு எம்பிஎல்எஸ் பழக்கம் குறைவு.

சனி இரவு பெய்த மழையில் இடி விழுந்து அக்கரைப்பற்று ரவுட்டர் எரிந்துபோனது. ஞாயிறு ஒப்பந்தக்காரர் வந்து ஸ்பெயர் ரவுட்டர் ஒன்றைப் பூட்டினார். இன்று காலை நெட்வேர்க்கைக் கண்காணிக்கும் முகாமைத்துவ மென்பொருளைத் திறந்தால் எல்லா போர்ட்டும் பச்சை. அக்கரைப்பற்று ரவுட்டரின் லூப்பேக்குக்கு (அதன் நிலையான உள் முகவரிக்கு) பிங் போகிறது. ஆனால் கவுண்டர் கணினிகளுக்குச் சேர்வர் தெரியவில்லை.

சரி, சூடோவயர் அமைப்புகளைப் பார்ப்போம் என்று மட்டக்களப்பு ரவுட்டரின் இன்டர்பேஸ் பட்டியலுக்குப் போனேன். சூடோவயர் வரி அதில் இருக்கிறது. அதை அழுத்தினால் வரும் பக்கம் இதுதான்: எதிர்முனை 0.0.0.0, விசி இலக்கம் (சூடோவயரின் அடையாள எண்) வெறுமை, வகை வெறுமை, எம்டியு (ஒரே தடவையில் அனுப்பக்கூடிய அதிகபட்ச அளவு, பைட்டில்) வெறுமை, நிலை "தெரியாது". எதை எதோடு ஒப்பிடுவது?

பெரும்போக விதைப்புக் காலம். திருக்கோவில், ஆலையடிவேம்பு பக்கமிருந்து மழைக்குள் சனம் வந்து நிற்கிறது. கவுண்டரில் இருக்கும் தங்கச்சி எல்லாவற்றையும் சீ.ஆர். கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கிறார். மத்தியானம் படம் எடுத்து அனுப்பினார், நாலு பக்கம் நிறைந்திருந்தது. லைன் வந்ததும் அவ்வளவையும் அவர்தான் திரும்ப அடிக்க வேண்டும்.

---

பட்டிப்பளை – திங்கள், இரவு 9:32

தம்பி, இடி விழுந்த இடம் என்றால் முதலில் எர்த்தைப் பாருங்கள். கடற்காற்றில் கனெக்டர் உள்ளுக்குள் பச்சை பிடித்திருக்கும், வெளியே தெரியாது. ரேடியோ லிங்கில் சிஆர்சி பிழை (வழியில் பழுதாகும் தரவின் எண்ணிக்கை) ஏறுகிறதா?

---

வாவிக்கரை – திங்கள், இரவு 9:40

இல்லை அண்ணன். மூன்று லிங்கிலும் பிழை எண்ணிக்கை அப்படியே நிற்கிறது. காலையில் கல்முனைக்குப் போய் கேபிளும் மாற்றிப் பார்த்தேன், இரண்டு முனை ரவுட்டரையும் ரீபூட் செய்தேன். மாற்றமில்லை.

---

கல்முனைக்கரை – திங்கள், இரவு 10:05

தம்பி, இனி ரீபூட் வேண்டாம். பிரச்சினை எந்தத் தட்டில் என்று பிரித்துப் பார்ப்போம்.

போர்ட் பச்சை என்றால் கம்பியும் ரேடியோவும் உயிரோடு இருக்கின்றன, அவ்வளவுதான். லூப்பேக்குக்கு பிங் போனால் ஐபி பாதையும் இருக்கிறது. சூடோவயர் இவற்றின் மேல் நிற்கும் தனிச் சாமான். இரண்டு முனை ரவுட்டரும் தங்களுக்குள் எல்டிபியில் (லேபல்களைப் பரிமாறும் நெறிமுறையில்) கதைத்து, "என் விசி இலக்கம் இது, வகை இது, எம்டியு இது, நீ அனுப்புவதற்கு இந்த லேபலைப் போடு" என்று சொல்லிக்கொள்ள வேண்டும். அந்தப் பேச்சு ஒத்துவராவிட்டால் கீழே எல்லாம் பச்சையாக இருந்தாலும் ஒரு ஃபிரேம்கூடப் போகாது.

இந்த எல்டிபி பேச்சு பக்கத்து ரவுட்டரோடு மட்டும் நடப்பதல்ல. மட்டக்களப்பும் அக்கரைப்பற்றும் நடுவில் உள்ளவற்றைத் தாண்டி நேராகக் கதைக்க வேண்டும். ஹலோ யுடிபி 646, அதன் பிறகு செஷன் டிசிபி 646. மட்டக்களப்பு ரவுட்டரில் "ஷோ எம்பிஎல்எஸ் எல்டிபி நெய்பர்" அடித்து, அக்கரைப்பற்றின் லூப்பேக் முகவரி வருகிறதா, நிலை என்ன என்று ஒருக்கா பாருங்கள்.

---

வாவிக்கரை – திங்கள், இரவு 10:21

வருகிறது நானா. 10.255.0.4, நிலை "ஓப்பரேஷனல்".

---

கல்முனைக்கரை – திங்கள், இரவு 10:24

நல்லது. அப்படியென்றால் இரண்டும் கதைக்கின்றன, ஆனால் ஏதோ ஒன்றில் உடன்படவில்லை. அதைக் கமாண்டிலும் பார்க்கலாம். ஆனால் மென்பொருள் ஏன் வெறுமையாகக் காட்டுகிறது என்பதை அம்பாறை டவர் அக்கா வந்தால் சரியாகச் சொல்வார். அவர் இந்த மென்பொருள்களோடே வாழ்பவர்.

---

அம்பாறை டவர் – திங்கள், இரவு 11:02

தம்பி, மென்பொருள் பழுதாகவில்லை. அதற்குப் பார்க்க அனுமதியில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இன்டர்பேஸ் பட்டியல் எஸ்என்எம்பியில் (சாதன விவரங்களைக் கேட்டு வாங்கும் நெறிமுறை, விவரங்கள் ஒரு எண் மரத்தின் கிளைகளாக இருக்கும்) 1.3.6.1.2.1.2 என்ற கிளையிலிருந்தும் 1.3.6.1.2.1.31 என்ற கிளையிலிருந்தும் வருகிறது. அங்கே ஒவ்வொரு இன்டர்பேஸுக்கும் ஒரு வகை எண் உண்டு. சூடோவயருக்கு அது 246. அதை வைத்துத்தான் மென்பொருள் உங்களுக்கு அந்த வரியைக் காட்டியிருக்கிறது. ஆனால் எதிர்முனை யார், விசி இலக்கம் என்ன, எம்டியு, லேபல், கன்ட்ரோல் வேர்ட் (ஃபிரேமுக்கு முன்னால் சேரும் 4 பைட்) எல்லாம் வேறு கிளையில் இருக்கின்றன. பொதுத் தரத்தில், அதாவது 2009இல் வந்த ஆர்எஃப்சி 5601 என்ற இணையத் தர ஆவணத்தில், அது 1.3.6.1.2.1.10.246. சிஸ்கோ தனக்கென்று வைத்திருப்பது 1.3.6.1.4.1.9.10.106. உங்கள் ரவுட்டர் சிஸ்கோ என்பதால் இரண்டாவதைப் பாருங்கள்.

மென்பொருள் ஓடும் சேர்வரிலிருந்து அந்தக் கிளைக்கு ஒரு எஸ்என்எம்பி வோக் (கிளை முழுவதையும் வாசிக்கும் கட்டளை) ஓட்டுங்கள். "அப்படி ஒன்றும் இல்லை" என்ற மாதிரிப் பதில் வந்தால், ரவுட்டர் கொன்ஃபிக்கில் எஸ்என்எம்பி வியூ (எந்தக் கிளைகளை வாசிக்கலாம் என்ற பட்டியல்) ஏதும் போட்டிருக்கிறார்களா பாருங்கள். முன்பு இருந்தவர் பாதுகாப்புக்காகச் சில கிளைகளை மட்டும் திறந்து விட்டிருக்கலாம். அது நல்ல பழக்கம், அதைக் குறை சொல்லக்கூடாது.

---

வாவிக்கரை – திங்கள், இரவு 11:48

அக்கா, அதேதான்! வோக் ஒன்றும் தரவில்லை. கொன்ஃபிக்கில் பார்த்தால் வியூவில் மூன்றே வரி: 1.3.6.1.2.1.1, 1.3.6.1.2.1.2, 1.3.6.1.2.1.31. முழு மரத்தையும் திறந்து விடவா?

---

அம்பாறை டவர் – திங்கள், இரவு 11:53

வேண்டாம் தம்பி. அந்த ஒரு கிளையை மட்டும் நாலாவது வரியாகச் சேருங்கள். வாசிக்கும் அனுமதி போதும், எழுதும் அனுமதி கொடுக்கவே கூடாது. சேர்த்த பிறகு மென்பொருளில் அந்த ரவுட்டருக்குத் திரும்ப டிஸ்கவரி (ரவுட்டரில் என்னென்ன இருக்கிறது என்று புதிதாகத் தேடுவது) ஓட்டுங்கள். வழக்கமான போலிங் ஏற்கெனவே தெரிந்த பொருள்களை மட்டும்தான் கேட்கும், புதிய கிளையைத் தானாகத் தேடிப் போகாது.

---

வாவிக்கரை – செவ்வாய், அதிகாலை 12:30

பக்கம் நிறைந்துவிட்டது. கண்டதை அப்படியே எழுதுகிறேன்:

எதிர்முனை: 10.255.0.4
விசி இலக்கம்: 120
வகை: 5, ஈதர்நெட்
கன்ட்ரோல் வேர்ட்: உண்டு
எம்டியு, இந்த முனை: 1500
எம்டியு, எதிர்முனை: 1600
நிலை: 2, டவுன்

எம்டியு வித்தியாசம்தான் காரணமா? பெரிய எண் இருந்தால் நல்லதுதானே?

---

கல்முனைக்கரை – செவ்வாய், காலை 5:50

சுபஹுக்கு எழும்பியதும் பார்த்தேன். காரணம் அதுதான் தம்பி.

எல்டிபியால் கட்டும் சூடோவயரில் இரண்டு முனையும் சொல்லும் எம்டியு ஒரே எண்ணாக இருக்க வேண்டும். 2006இல் வந்த ஆர்எஃப்சி 4447 இதைக் கட்டாயமாகச் சொன்னது, 2017இல் அதற்குப் பதிலாக வந்த 8077உம் அதையே சொல்கிறது: எண் பொருந்தாவிட்டால் சூடோவயரை இயக்கக்கூடாது. பெரியது நல்லது, சின்னது கெட்டது என்ற கணக்கு இங்கே இல்லை. "ஷோ எம்பிஎல்எஸ் எல்2டிரான்ஸ்போர்ட் விசி 120 டீடெய்ல்" அடித்தால் ரவுட்டரும் இதே இரண்டு எண்ணைத்தான் சொல்லும்.

இப்போது கவனமாக வாசியுங்கள். நீங்களும் மட்டக்களப்பில் 1600 போட்டு இதை எழுப்பிவிடலாம் என்று நினைப்பீர்கள். செய்யாதீர்கள். அந்த 1600 எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். அந்த எண் எம்பிஎல்எஸ் தெரிந்த ஒருவர் போட்டது, ஆனால் பிழையான போர்ட்டில்.

கவுண்டரிலிருந்து வரும் முழு ஃபிரேமில் 1500 பைட் தரவு. சூடோவயருக்குள் போகும்போது அந்த ஃபிரேமின் சொந்த ஈதர்நெட் தலைப்பு 14 சேர்கிறது. விலான் டேக் உள்ளே போனால் இன்னும் 4. கன்ட்ரோல் வேர்ட் 4. லேபல் இரண்டு, 8. ஆக 1530. ரேடியோப் பக்கத்துப் போர்ட் 1500இலேயே நின்றால் இது உள்ளே கொள்ளாது. அதனால்தான் கோர் பக்கத்தை, அதாவது ரேடியோப் பக்கத்தை, 1600க்கு ஏற்றுவோம். வாடிக்கையாளர் பக்கப் போர்ட் 1500இலேயே இருக்க வேண்டும், ஏனென்றால் எதிர்முனைக்கு எல்டிபியில் சொல்லப்படுவது அந்தப் பக்கத்து எண்தான்.

அக்கரைப்பற்றில் இரண்டையும் மாறிப் போட்டிருக்கிறார்கள் என்பது என் ஊகம். அப்படியென்றால் கோர் பக்கம் 1500இல் இருக்கும். நீங்கள் மட்டக்களப்பிலும் 1600 போட்டால் சூடோவயர் எழும்பும், பச்சை காட்டும், பிங் போகும், லொகின் பக்கமும் வரும். ஆனால் பெரிய அறிக்கை ஒன்று எடுத்தால் திரை உறைந்துபோகும். நான் ஒருமுறை இப்படி ஒரு இடத்தில் மூன்று நாள் அலைந்திருக்கிறேன். எந்த அலாரமும் அடிக்காது, சத்தமில்லாமல் பெரிய ஃபிரேம் மட்டும் விழுந்துகொண்டிருக்கும்.

ஊகம் சரியா என்று பார்க்க, ஒவ்வொரு லிங்காகப் பக்கத்து ரவுட்டருக்கு 1530 அளவில், துண்டாக்க வேண்டாம் என்ற டிஎஃப் பிட்டோடு பிங் அடியுங்கள்.

---

வாவிக்கரை – செவ்வாய், காலை 7:35

மட்டக்களப்பு – களுவாஞ்சிகுடி: 1530 போகிறது.
களுவாஞ்சிகுடி – கல்முனை: போகிறது.
கல்முனை – அக்கரைப்பற்று: 1500 போகிறது, 1530 போகவில்லை.

நானா, நீங்கள் சொன்னபடியேதான். ஸ்பெயர் ரவுட்டரின் பாஸ்வேர்ட் என்னிடம் இல்லை. ஒப்பந்தக்காரரோடு கதைத்தேன், எம்டியு வரும் பக்கத்தையும் இந்த பிங் முடிவையும் படமாக அனுப்பினேன். மத்தியானம் வருகிறேன் என்றார்.

---

பட்டிப்பளை – செவ்வாய், காலை 8:10

இடையில் ஒரு சந்தேகம். வேறு பிராண்ட் ரவுட்டர் ஒரு முனையில் இருந்தாலும் இதே எண்தானா? எங்களிடம் ஒன்றில் 1514 என்று காட்டுகிறது, அது எழும்பித்தான் நிற்கிறது.

---

அம்பாறை டவர் – செவ்வாய், காலை 8:25

அது எண்ணும் முறை வேறு அண்ணன். சிஸ்கோ ஐஓஎஸ்ஸில் இன்டர்பேஸ் எம்டியு என்றால் தலைப்பைச் சேர்க்காமல் 1500. ஐஓஎஸ் எக்ஸ்ஆர், ஜூனிப்பர் இரண்டும் 14 பைட் தலைப்பையும் சேர்த்து 1514 என்று எழுதும். எதிர்முனைக்குச் சொல்லும்போது அந்த 14ஐக் கழித்துவிடும். அதனால் கொன்ஃபிக்கில் உள்ள எண்ணை வைத்து ஒப்பிடாதீர்கள். மென்பொருளில் "இந்த முனை, எதிர்முனை" என்று வரும் இரண்டு எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். எதிர்முனை எம்டியு 0 என்று வந்தால் அந்தப் பக்கத்திலிருந்து எண் இன்னும் கிடைக்கவில்லை என்று அர்த்தம், அப்போது எல்டிபி பக்கம் போய்த் தேட வேண்டும்.

---

வாவிக்கரை – செவ்வாய், பிற்பகல் 2:50

எழும்பிவிட்டது! 2:35க்கு நிலை 1 என்று மாறியது. வாடிக்கையாளர் பக்கம் 1500, ரேடியோப் பக்கம் 1600. கல்முனையிலிருந்து 1530 பிங்கும் போகிறது. நேற்று எடுக்க முடியாமல் போன மாத அறிக்கையைத் தங்கச்சி எடுத்துப் பார்த்தார், கடைசிப் பக்கம் வரை வந்தது. ஒப்பந்தக்காரரும் நல்ல மனிதர், அவசரத்தில் கேபிள் இரண்டும் எந்தப் போர்ட் என்று மாறிவிட்டதாகச் சொல்லி வருத்தப்பட்டார்.

நானா, அக்கா, அண்ணன், எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். அக்கரைப்பற்று ரவுட்டரின் பழைய கிராஃப் ஒன்றும் தொடரவில்லை, எல்லாம் வேறு பெயரில் விழுகிறது.

---

அம்பாறை டவர் – செவ்வாய், பிற்பகல் 3:20

ரவுட்டர் மாறியதால் இன்டர்பேஸ் இலக்கங்களும் மாறியிருக்கும். மென்பொருள் அந்த இலக்கத்தை வைத்துத்தான் கிராஃபைப் பிடித்து வைக்கிறது. பழையதை விடுங்கள், புதிதாக டிஸ்கவரி ஓட்டுங்கள். அந்த ரவுட்டரில் "எஸ்என்எம்பி ஐஎஃப்மிப் ஐஎஃப்இன்டெக்ஸ் பெர்சிஸ்ட்" போட்டுவைத்தால் இனி ரீபூட்டுக்கு இலக்கம் மாறாது. அப்புறம் நாலு ரவுட்டரிலும் அதே நாலாவது வியூ வரியைச் சேருங்கள். இரண்டு முனையையும் பார்க்க முடியாவிட்டால் பாதிக் கதைதான் தெரியும். சூடோவயர் நிலை 1இலிருந்து மாறினால் உங்கள் ஃபோனுக்கு எஸ்எம்எஸ் வருகிற மாதிரி ஒரு அலாரமும் வையுங்கள். கவுண்டரில் இருப்பவர் சொல்லி நமக்குத் தெரியவரக்கூடாது தம்பி.

---

வாவிக்கரை – புதன், மாலை 6:10

நாலிலும் சேர்த்தாயிற்று. அலாரமும் வைத்து, சோதனைக்காகச் சேர்வர் பக்கத்துப் போர்ட்டை ஒருக்கா ஷட் செய்தேன், எஸ்எம்எஸ் வந்தது.

இன்று அக்கரைப்பற்றுக்குப் போனேன். ரேக் கதவின் உள்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: "0/1 ரேடியோ – 1600. 0/2 கவுண்டர் – 1500. மாற்ற வேண்டாம்." நான் ஒட்டிக்கொண்டிருக்கும்போது தங்கச்சி கொப்பியின் கடைசிப் பக்கத்தை அடித்துக்கொண்டிருந்தார்.