‘நிலநடுக்கமானி’ வேண்டாம், ‘தரையதிர்வுணரி’ போதும்

நண்பர்களுக்கு வணக்கம்.

முடுக்கத்தை, அதாவது வேக மாற்றத்தை, உணரும் மலிவான முடுக்கமானிச் சில்லு ஒன்றை நுண்கட்டுப்படுத்தி என்னும் சிறு கணினிச் சில்லுடன் இணைத்து ஆர்வலர்கள் வீட்டில் அமைக்கும் கருவிக்கு ‘குறு நிலநடுக்கமானி’ என்ற பெயர் இங்கே முன்மொழியப்பட்டது. சொல் அழகாக இருப்பினும், அக்கருவி செய்யாத வேலையை அதன்மேல் ஏற்றுகிறது என்பதால் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் ‘மானி’யைப் பார்ப்போம். அத்தகைய மலிவான முடுக்கமானியான எம்பியு-6050 சில்லின் இரைச்சல் அடர்த்தி (அதிர்வே இல்லாதபோதும் அது காட்டும் பொய்யான ஏற்ற இறக்கத்தின் அளவு), அதன் தரவுத்தாளின்படி, ஒரு ஹெர்ட்சின் வர்க்கமூலத்துக்கு 400 மைக்ரோ-ஜி; ‘ஜி’ என்பது புவியீர்ப்பு முடுக்கம். 20 ஹெர்ட்சு அலைப்பட்டையில் இது ஏறத்தாழ 1.8 மில்லி-ஜி, அதாவது 1.75 ‘கால்’ (Gal) அளவுக்குச் சில்லின் சொந்த இரைச்சலாகவே வந்து நிற்கும். (ஒரு கால் என்பது நொடிக்கு நொடி ஒரு சென்டிமீட்டர் முடுக்கம், கலிலியோவின் பெயரிலிருந்து வந்த அலகு.) மனிதர் மெல்ல உணரும் அதிர்வும் ஏறத்தாழ இந்த அளவுதான் என்பதால், அதைவிட மெலிந்து வரும் தொலைதூர நிலநடுக்கத்தின் அலைகள் இந்த இரைச்சலுக்குள் மூழ்கிப்போகும். ஏடிஎக்ஸ்எல்355 போன்ற சில்லுகளில் இரைச்சல் பதினைந்து மடங்குக்கும் மேல் குறைவு. ஆனால் அவற்றின் விலை ‘மலிவு’ என்ற சொல்லைச் சற்றே சங்கடப்படுத்தும். ஆக, அருகில் நிகழும் வலுவான அதிர்வை இக்கருவி உணரும். ஆய்வகக் கருவி அளப்பதுபோல் நுட்பமாக அளக்காது. எனவே ‘மானி’யை விட ‘உணரி’ நேர்மையான ஈறு.

அடுத்தது ‘நிலநடுக்கம்’. இதில்தான் என் முதன்மையான மறுப்பு இருக்கிறது. என்னுடைய பலகையைத் தரையில் திருகாணியால் இறுக்கி வைத்திருக்கிறேன். அதிர்வின் குறுஞ்சராசரியை (கடந்த சில நொடிகளின் சராசரியை) நெடுஞ்சராசரியால் (அதைவிட நீண்ட நேரத்தின் சராசரியால்) வகுத்து, விகிதம் ஒரு வரம்பைத் தாண்டினால் எச்சரிக்கை எழுப்பும் வழக்கமான முறையையே அதில் பயன்படுத்துகிறேன். கதவை ஓங்கிச் சாத்தினாலும், வாசலில் சரக்குந்து சென்றாலும் அந்த விகிதம் துள்ளி எழுகிறது. வந்தது நிலநடுக்கமா, கதவா என்று தனியொரு கருவியால் உறுதியாகச் சொல்ல இயலாது. அருகருகே உள்ள பல கருவிகள், அலை பரவும் வேகத்துக்குப் பொருந்தும் கால இடைவெளியில், ஒன்றன்பின் ஒன்றாக எச்சரித்தால் மட்டுமே மையக் கணினி அதை நிலநடுக்கம் என்று முடிவு செய்கிறது. 2008 இல் ஸ்டான்ஃபோர்டு, ரிவர்சைடு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொடங்கிய, தன்னார்வலர்களின் கணினிகளை இணைத்த குவேக் கேட்சர் நெட்வொர்க் இயங்கியதும் இந்த அடிப்படையில்தான். மடிக்கணினிகளில் வன்வட்டைக் காக்க ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்த முடுக்கமானிகளையே அது பயன்படுத்திக்கொண்டது. நிலநடுக்கத்தைக் கண்டறிவது வலையமைப்பின் வேலை, கருவியின் வேலை அன்று.

ஆகவே கருவிக்குத் ‘தரையதிர்வுணரி’ என்றும், அவை சேர்ந்த அமைப்புக்கு ‘நிலநடுக்கமறி வலை’ என்றும் முன்மொழிகிறேன். ‘நிலநடுக்கமானி’ ஆய்வகக் கருவிக்கே இருக்கட்டும். ‘நடுக்கவுணரி’ என்று சுருக்கலாம் என்ற யோசனையும் வந்தது. அதைக் கேட்டால் மருத்துவருக்குக் கைநடுக்கந்தான் நினைவுக்கு வரும்.

அசையாமல் மேசைமேல் கிடக்கும்போதும் 1 ஜி காட்டி, கீழே விழும்போது சுழியம் காட்டும் சில்லை முடுக்கமானி என்பது பிழையல்லவா என்றும் ஒருவர் வினவியிருந்தார். உள்ளிருக்கும் நுண்பொருண்மையைத் தாங்கும் வில், தடையின்றி விழும் நிலையோடு ஒப்பிட்ட முடுக்கத்தையே உணர்கிறது. மேசைமேல் அது 1 ஜி, விழுகையில் சுழியம். இதை வரையறையில் விளக்கினால் போதும், நிலைபெற்றுவிட்ட சொல்லைக் கலைக்க வேண்டியதில்லை.

இலங்கை வழக்கில் முடுக்கத்தை ஆர்முடுகல் என்பர். ‘தரையதிர்வுணரி’யில் இவ்விரண்டுமே இடம்பெறாததால் இரு வழக்கினரும் அதை மாற்றமின்றி ஆளலாம். ‘தரை’க்குப் பதில் ‘நில’ என்று வைத்து ‘நிலவதிர்வுணரி’ ஆக்கலாமா என்றும் எண்ணிப் பார்த்தேன். படிப்பவர் வானத்து நிலவைத் தேடுவார் என்று விட்டுவிட்டேன்.