வீட்டு ஆசிரியையும் எஜமானரும்: என் கதாநாயகி காதலிக்கிறாளா, பணிந்துபோகிறாளா?

கேள்வி

1840களில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மேட்டுநிலத்தில் நடப்பதாக ஒரு கோதிக் காதல் புதினத்தை (பழைய மாளிகை, மர்மம், அச்சம் எல்லாம் கலந்த வகை) தமிழில் எழுதி வருகிறேன். கதாநாயகி ஒரு பாதிரியாரின் மகள். தந்தை இறந்தபின், ஊரிலிருந்து ஒதுங்கி நிற்கும் பழைய மாளிகை ஒன்றில் ஏழு வயதுச் சிறுமிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வருகிறாள். எஜமானர் அதிகம் பேசாதவர். பெரும்பாலும் வெளியூரில் இருப்பவர். வீட்டில் இருக்கும் இரவுகளில் நூலக அறையில் நடுச்சாமம் வரை தனியே நடந்துகொண்டிருப்பவர். மேல்மாடியில் ஒரு பகுதி எப்போதும் பூட்டியிருக்கிறது. அங்கே அவருடைய மனைவி மனநலம் குன்றிய நிலையில் இருக்கிறார்.

பன்னிரண்டு அத்தியாயங்களை இரு தோழிகளிடம் படிக்கக் கொடுத்தேன். மாளிகை கண்முன் நிற்கிறது, பயமும் வருகிறது, ஆனால் காதல் மட்டும் வரவில்லை என்று இருவருமே சொன்னார்கள். சம்பளம் கொடுப்பவரின் கடுகடுப்பையெல்லாம் பொறுத்துக்கொண்டு, அவர் ஒருநாள் சிரித்ததும் உருகிவிடுகிற பெண்ணாகத்தான் அவள் தெரிகிறாளாம். குறிப்பாக நான்காம் அத்தியாயத்தில், மழையில் நனைந்து வந்த அவர் அவளைக் கூப்பிட்டுக் கணப்பருகே உட்காரச் சொல்லும் காட்சியை நான் மிகவும் நேசித்து எழுதியிருந்தேன். அதையே அவர்கள் பலவீனமான காட்சி என்றார்கள். இதை எப்படிச் சரிசெய்வது?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஆங்கிலத்தில் இருவருக்கும் ஒரே முன்னிலைச் சொல் போதும். தமிழில் அவர் அவளை ‘நீ’ என்றால் வேலைக்காரியாகிவிடுகிறாள்; ‘நீங்கள்’ என்றால் அவருடைய இறுக்கம் போய்விடுகிறது. இந்த வகைக் கதைகளைப் படித்துப் பழகியவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1

உங்கள் தோழிகள் சொன்ன குறைக்குக் காரணம் காதல் காட்சிகளில் இல்லை என்று நினைக்கிறேன். அவள் அந்த வீட்டை விட்டுப் போகக்கூடியவள் என்பதை உங்கள் கதை எங்கேயாவது காட்டுகிறதா என்று பாருங்கள். போக்கிடம் இல்லாதவள் தங்கியிருப்பதை வாசகர் பிழைப்பாகத்தான் எடுத்துக்கொள்வார். போக முடிந்தும் தங்குகிறாள் என்றால்தான் அதில் விருப்பம் தெரியும்.

அந்தக் காலத்து வீட்டு ஆசிரியையின் நிலை உண்மையிலேயே கொடுமையானது. பிறப்பாலும் படிப்பாலும் அவள் அந்தக் குடும்பத்துக்கு இணையானவள். ஆனால் கூலிக்கு வேலை செய்பவள். கீழ்த்தளத்தில் வேலைக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவது அவளுக்குத் தகாது. மேசையில் குடும்பத்தோடு உட்காரவோ எல்லா நாளும் அழைப்பு வராது. ஆகவே பல வீடுகளில் பாட அறைக்கு அனுப்பப்படும் தட்டைத் தனியே உண்டு முடிப்பாள். ஆங்கிலப் புதின ஆசிரியை சார்லட் பிராண்ட்டி 1841ஆம் ஆண்டு இத்தகைய வேலைக்குச் சேர்ந்தபோது ஆண்டுச் சம்பளம் இருபது பவுண்டு என்றார்கள். துணி வெளுக்க நான்கு பவுண்டு பிடித்தம் போகக் கைக்கு வந்தது பதினாறுதான். வேலையிழந்தும் முதுமையடைந்தும் தவித்த ஆசிரியைகளுக்கு உதவுவதற்கென்றே 1843ஆம் ஆண்டு லண்டனில் ஒரு நலச்சங்கம் தொடங்க வேண்டியிருந்தது. அடுத்த வேலை கிடைக்க வேண்டுமானால் பழைய வீட்டார் தரும் நற்சான்றுக் கடிதம் வேண்டும். உங்கள் எஜமானரின் முகத்தில் தெரியும் இருளைவிட, அவர் எழுதித் தரவேண்டிய அந்தக் கடிதம்தான் அவளை அதிகம் அச்சுறுத்தியிருக்கும்.

இந்த நிலையில் காதலை நம்பவைக்கப் பணத்தைப் பற்றிப் பேசாமல் முடியாது. சார்லட் பிராண்ட்டி எழுதி 1847இல் வெளிவந்த ‘ஜேன் அயர்’ புதினத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் தோட்டத்துக் காதல் காட்சி அன்று. சாகக்கிடக்கும் அத்தையைப் பார்க்க, வீட்டு ஆசிரியையான ஜேன் விடுப்புக் கேட்கிறாள். அவளுக்குச் சேரவேண்டியது பதினைந்து பவுண்டு; எஜமானர் ஐம்பது பவுண்டு நோட்டை நீட்டுகிறார். சில்லறை இல்லை என்று அவள் மறுக்கிறாள். மொத்தத்தையும் கொடுத்தால் அவள் மூன்று மாதம் திரும்பி வராமல் இருந்துவிடலாம் என்ற நினைப்பு வந்ததும் அவர் பத்து பவுண்டு மட்டும் தருகிறார். இன்னும் ஐந்து பாக்கி என்று அவள் கணக்குச் சொல்கிறாள். அந்த ஐந்து பவுண்டில் அவருடைய பயமும் அவளுடைய நிமிர்வும் ஒருசேரத் தெரிகின்றன. பின்னர் அவள் வெளியேறி, தனக்கென்று சொத்து வந்தபிறகுதான் அவரிடம் திரும்புகிறாள் என்பதையும் மறக்கவேண்டாம். உங்கள் கதையில் அவளுக்குச் சொத்து வரவேண்டியதில்லை. அவள் சேர்த்துவைத்த பணம் எவ்வளவு, அதை எந்தப் பெட்டியில் வைத்திருக்கிறாள், அது எத்தனை மாதத்துக்குத் தாங்கும் என்பது வாசகருக்குத் தெரிந்தாலே போதும்.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். மாளிகையைப் பற்றி மட்டும் ஒன்று சேர்க்கிறேன். இத்தகைய வீடுகளை வெறுமனே ‘இருண்ட மாளிகை’ என்று எழுதிவிடுகிறோம். அந்த இருளுக்குக் காரணம் இருந்தது. 1696 முதல் 1851 வரை இங்கிலாந்தில் சன்னல்களுக்கு வரி இருந்ததால், வரியைக் குறைக்கப் பல வீடுகளில் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். உங்கள் கதாநாயகி முதல் நாள் வெளியே நின்று சன்னல்களை எண்ணட்டும். அடைத்த சன்னல்களையும் சேர்த்து எண்ணினால் உள்ளே தான் பார்த்த அறைகளைவிட ஒன்று கூடுதலாக வரட்டும். பூட்டிய அறையை அவள் அலறல் கேட்டுக் கண்டுபிடிப்பதைவிட, கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பது அவளுடைய அறிவுக்குப் பொருத்தமாக இருக்கும்.

அந்த மனைவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்காலத்தில் முழுமையான மணமுறிவுக்குப் பாராளுமன்றத்தில் தனிச் சட்டமே இயற்றவேண்டும். 1857க்குப் பிறகுதான் நீதிமன்றத்துக்குப் போக முடிந்தது. அப்போதும் மனநோய் அதற்குக் காரணமாக ஏற்கப்படவில்லை. 1937ஆம் ஆண்டுச் சட்டம் வரை இதே நிலைதான். ஆகவே உங்கள் எஜமானர் சட்டத்தால் கட்டுண்டவர். ஆனால் அந்தக் கட்டு, ஆசிரியையிடம் உண்மையை மறைத்ததற்குச் சாக்காகிவிடக் கூடாது. எழுதுகிற நாம் அவர்மீது இரக்கப்பட்டு அந்த இடத்தை மெழுகிவிடுகிறோம்; பூட்டிய அறையில் இருப்பவளும் ஒரு பெண் என்பது மறந்துபோகிறது. அவளுக்கு ஒரு காட்சியாவது கொடுங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி 3

நீ, நீங்கள் பற்றி எழுதுகிறேன். இதை நீங்கள் சிக்கல் என்கிறீர்கள். ஆங்கிலத்தில் எழுதுபவருக்குக் கிடைக்காத ஒரு கருவி உங்கள் கையில் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. தமிழில் முன்னிலைச் சொல்லே இல்லாமல் வெகுதூரம் பேசிவிடலாம். “உட்காரலாம்.” “பிரெஞ்சு தெரியுமா?” “எந்த ஊர்?” முதல் சில அத்தியாயங்களில் எஜமானர் இப்படியே பேசட்டும். அவளை எந்த இடத்தில் வைப்பது என்று அவருக்கே தெரியவில்லை என்பது அந்தப் பேச்சிலேயே வந்துவிடும். அவள் ஏதேனும் ஒன்றை உறுதியாக மறுக்கும் நாளில் முதல் ‘நீங்கள்’ வரட்டும். ‘நீ’ என்பதை ஒரே ஓர் இடத்துக்காகச் சேமித்து வையுங்கள். தீயோ விபத்தோ நேரும் இரவில் அது அவர் வாயிலிருந்து தவறி விழவேண்டும், மறுநாள் காலையில் அவர் மீண்டும் ‘நீங்கள்’ என்பதற்கே திரும்பவேண்டும். அவளும் அதைக் கவனிப்பாள். ‘நீர்’ என்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். இன்றைய வாசகருக்கு அது நாடக மேடையையோ வேதாகமத்தையோ நினைவூட்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நேற்று இரவு நான்காம் அத்தியாயத்தைப் புதிதாக எழுதினேன். நனைந்து வந்தவர், “கணப்பருகே உட்காரலாம்” என்கிறார். முன்பு அவள் தலைகுனிந்து உட்கார்ந்துவிட்டாள். இப்போது, “குழந்தை இன்னும் தூங்கவில்லை, ஐயா. அரைமணி கழித்து வருகிறேன்” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போகிறாள். திரும்பி வரும்போது இரண்டாவது நாற்காலி கணப்புக்கு அருகில் இழுத்துப் போடப்பட்டிருக்கிறது. அவரோ இன்னும் ஈரக் காலணியோடு நின்றுகொண்டிருக்கிறார். எழுதி முடித்தபோதுதான் எனக்கே அவரைப் பிடித்தது. பூட்டிய அறைப் பெண்ணுக்கான காட்சியை இன்னும் எழுதத் தொடங்கவில்லை. அதற்கு நாளாகும், அவசரப்பட்டு எழுத மனம் வரவில்லை.

மறுமொழி 3

அந்த ‘வருகிறேன்’ என்பதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுவதும் அறையை விட்டு எழும்போதெல்லாம் அவள் நம் வழக்கப்படி ‘வருகிறேன்’ என்றே சொல்லட்டும். உண்மை தெரிந்து, விடியுமுன் அந்த வீட்டை விட்டு வெளியேறும் நாளில், மேசைமேல் வைத்துவிட்டுப் போகும் கடிதத்தில் ‘போகிறேன்’ என்று எழுதட்டும்.