ஓடுகிற பிள்ளைக்கு முதல் நகை: சங்கிலியா, தோடா?

கொட்டகலை அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு வருகிற மாதம் 14 வயது முடிகிறது. 800 மீற்றர் ஓடுகிறாள், பாடசாலை வலைப்பந்தாட்ட அணியிலும் இருக்கிறாள். அவளுக்குச் சடங்கு வைத்தபோது எங்கள் கையில் காசு இல்லை. இரவல் நகை போட்டுத்தான் படம் எடுத்தோம். அது என் மனதில் இன்னும் கிடக்கிறது. இப்போது சீட்டு விழுந்திருக்கிறது. கிட்டத்தட்ட ஒரு பவுணுக்குக் காணும்.

சங்கிலியும் ஜிமிக்கியும் வாங்கு என்கிறார் என் அம்மா. "பிள்ளையை எத்தனை நாளைக்கு மூளிக் காதோடு விடப்போகிறாய்?" என்று தினமும் கேட்கிறார். மகளோ ஆடுகிற பொருள் எதுவும் வேண்டாம், ஓடும்போது கன்னத்தில் அடிக்கும் என்கிறாள். ஒரு வயதில் குத்திய காது, துவாரம் தூராமல் இருக்க ஈர்க்குத் துண்டு போட்டிருக்கிறாள். கவரிங் போட்டால் இரண்டே நாளில் அரித்துப் புண்ணாகிவிடுகிறது.

முதல் நகையாக எதை வாங்கலாம்? பிள்ளை வளர்த்தவர்களும் விளையாடியவர்களும் சொல்லுங்கள்.

தலவாக்கலை மாமா:

தங்கச்சி, இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. முழுப் பவுணிலும் ஒரு சங்கிலி செய்யுங்கள். 22 கரட், கல் இல்லாமல். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியதே, அந்த நேரம் எங்கள் வீட்டில் மாவுக்கும் மருந்துக்கும் வழியில்லை. மனைவியின் சங்கிலியை அடகு வைத்தோம். மகன் படிப்பை நிறுத்தாமல் பரீட்சை எழுதினான். அடுத்த வருடம் கஷ்டப்பட்டுத் திருப்பினோம். இரண்டு கிராம் தோட்டை வைத்துக்கொண்டு அப்படி ஒரு காலத்தைத் தாண்ட முடியுமா?

விளையாட்டு பாடசாலை முடியும்வரைதான். சங்கிலி அவள் கல்யாணத்துக்கும் இருக்கும். ஓடும்போது கழற்றி வைக்கச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

பதுளை ஆசிரியை:

"கழற்றி வைக்கச் சொல்லுங்கள்" என்று அண்ணன் ஒரு வரியில் முடித்துவிட்டார். எங்கே கழற்றி வைப்பது? நான் 11 வருடமாக உடற்கல்வி ஆசிரியை. கோட்ட மட்டப் போட்டிக்கு 30 பிள்ளைகளை ஒரே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகிறோம். பல மைதானங்களில் உடை மாற்ற ஒழுங்கான அறைகூட இருக்காது. பெயர் கூப்பிடும் நேரத்தில் ஓடி வந்து, "டீச்சர், இதைக் கொஞ்சம் வைத்திருங்கள்" என்று கையில் திணித்துவிட்டுப் போவார்கள். ஒரு வருடம் என் பையில் நான்கு பிள்ளைகளின் தோடும் ஒரு சங்கிலியும் ஒன்றாகக் கிடந்தன. மாலையில் பிரித்துக் கொடுக்கும்போது ஒரு திருகாணி குறைந்தது. அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போகப் பயந்து பஸ்ஸிலேயே அழுதாள். அன்று நீளம் பாய்தலில் முதலிடம் பெற்றவள் அவள். அது யாருக்கும் ஞாபகமே வரவில்லை.

விதியையும் சொல்லிவிடுகிறேன். வலைப்பந்தாட்டத்தில் நகையோடு களத்தில் இறங்க விடமாட்டார்கள். திருமண மோதிரத்துக்கு விலக்கு உண்டு, அதையும் பிளாஸ்டர் சுற்றி மூட வேண்டும். ஓட்டத்தில் அப்படித் தடை இல்லை. ஆனால் இந்தப் பிள்ளை இரண்டும் செய்கிறாள். அப்படியானால் எதை வாங்கினாலும் அவள் வாரத்தில் பல தடவை கழற்றிக் கழற்றிப் போட வேண்டிவரும். கண்ணாடி இல்லாமல், யார் உதவியும் இல்லாமல், குளிரில் விறைத்த விரலால் அவளே கழற்ற முடியுமா? எனக்கு அதுதான் முதல் கேள்வி. எத்தனை பவுண் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

மஸ்கெலியா அப்பாயி:

பேரன்தான் எழுதித் தருகிறான். எனக்கு 71 வயது. என் சடங்கு அன்றைக்குக் காதில் இருந்தது வேப்பங்குச்சி. கல்யாணத்துக்குத்தான் தோடு வந்தது, அதுவும் மாமியாருடைய தோடு. கொழுந்து எடுத்த காசில் என் மகளுக்கு 13 வயதில் அரைப் பவுணில் ஜிமிக்கி போட்டேன். அதைப் போட்டுக்கொண்டு அவள் மாரியம்மன் தேருக்குப் பின்னால் நடந்து போனாள். இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

டீச்சர் சொல்வது மைதானத்துக் கதை. பிள்ளை மைதானத்திலா குடியிருக்கிறாள்? தேருக்கும் தீபாவளிக்கும் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கும் எதைப் போடுவாள்? இரவல் கொடுத்தவர்கள் விடிந்ததும் வாசலில் வந்து நிற்பார்கள். பட்டவர்களுக்குத்தான் அது தெரியும். ஜிமிக்கியே வாங்கிப் போடு மகளே.

பண்டாரவளை ஓட்டக்காரி:

அப்பாயி, உங்கள் வலி புரிகிறது. என் அம்மாவும் அதே ஆசையில்தான் எனக்கு 15 வயதில் கல் வைத்த ஜிமிக்கி போட்டார். அப்போது நான் 400 மீற்றர் ஓடிக்கொண்டிருந்தேன். நுவரெலியாவில் ஒரு வாரப் பயிற்சி. விடியற்காலையில் புல் எல்லாம் வெள்ளையாக உறைபனி. எல்லோரும் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டுதான் ஓடுவோம். உடம்பு சூடானதும் தொப்பியைப் பிடித்து இழுத்தேன். கல்லைப் பிடித்திருந்த கொக்கியில் நூல் மாட்டி, காதுச் சோணை கிழிந்துவிட்டது. மூன்று தையல்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, "ஓடினது போதும்" என்றார். ஜிமிக்கி போதும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்த வருட வலய மட்டப் போட்டிக்கு நான் போகவில்லை. அடுத்த வருடம் எப்படியோ திரும்பப் போனேன், ஆனால் இழந்த வருடம் இழந்ததுதான்.

அதனால் கொட்டகலை அக்காவிடம் ஒன்று கேட்கிறேன். மகள் தன் வாயால் எது வேண்டும் என்று சொன்னாளா? எது வேண்டாம் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறாள். கடைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். என்னைக் கேட்டால் முதலில் 925 வெள்ளியில் சின்னத் தோடு போதும். கறுக்கும், ஆனால் துணியால் தேய்த்தால் போய்விடும். மைதானத்தில் தொலைந்தாலும் அவள் பயந்து அழ வேண்டியதில்லை. பொருளைப் பத்திரமாக வைக்க அதில் பழகட்டும். தங்கம் பிறகு வரட்டும்.

தலவாக்கலை மாமா:

பிள்ளை, உங்கள் காது கிழிந்த கதையைப் படித்ததும் எனக்கே கை நடுங்கியது. ஜிமிக்கி வேண்டாம், சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெள்ளி என்பதை ஒத்துக்கொள்ளமாட்டேன். தேயிலைத் தோட்டத்தில் நாள் சம்பளம் 1,350 ரூபா என்று முடிவானதே 2024 இல்தான். அந்தக் காசில் மாதாமாதம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் இது. வெள்ளியை வாங்கிவிட்டு மீதியைக் கையில் வைத்திருந்தால் மூன்று மாதத்தில் கரைந்துவிடும். கடைக் கடன் வரும், மழைக்குக் கூரைத் தகரம் ஒழுகும். தங்கமாக இருந்தால் மட்டும்தான் அது பிள்ளையின் பெயரில் நிற்கும்.

ராகலை அப்பா:

இடையில் ஒரு கேள்வி. என் மகள் கரப்பந்தாட்டம் ஆடுகிறாள். காதில் இரண்டாவது துவாரம் குத்த வேண்டும் என்று பிடிவாதம். ஜனவரியில் இல்ல விளையாட்டுப் போட்டிப் பயிற்சி தொடங்கிவிடும். இப்போது டிசம்பர் விடுமுறையில் குத்தலாமா?

பதுளை ஆசிரியை:

வேண்டாம், அண்ணா. காதுச் சோணையில் குத்தினால் ஆற ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். மேல் குருத்தெலும்பில் என்றால் மாதக்கணக்கில் போகும். அதற்குள் கழற்றினால் துவாரம் தூர்ந்துவிடும், கழற்றாமல் விட்டால் பந்து பட்டுப் புண்ணாகும். முதலாம் தவணைப் போட்டிகள் முடிந்த மறுநாள் குத்துங்கள். கொட்டகலை அம்மாவின் பிள்ளைக்கு இந்தக் கவலை இல்லை. சின்ன வயதில் குத்தி நன்றாக ஆறிய காது, ஒரு நாள் தோடு இல்லாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது.

ஹட்டன் பட்டறை:

மூன்று தலைமுறையாக எங்களுக்கு நகை வேலைதான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மோதிரம் வாங்கலாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை, நல்லது. பேச்சே எடுக்க வேண்டாம். வளர்கிற பிள்ளைக்கு ஒரு வருடத்தில் சிறிதாகிவிடும். நம் ஊர்க் குளிரில் விரல் சுருங்கும், கடையில் மத்தியானம் சரியாக இருந்த மோதிரம் காலையில் தானாகக் கழன்று விழும். அதைவிட மோசம், வேலிக் கம்பியிலோ கம்பத்திலோ மோதிரம் மாட்டி உடம்புப் பாரம் இறங்கினால் விரல் தோலையே உரித்துக்கொண்டு வரும்.

சங்கிலிக்கு வருகிறேன். 22 கரட் என்றால் 1000 பங்கில் 916 பங்கு தங்கம். மென்மையான உலோகம். ஒரு பவுண் என்பது 8 கிராம். தினமும் போடட்டும் என்று இரண்டு மூன்று கிராமில் மெல்லிய சங்கிலி செய்தால் கொக்கிக்குப் பக்கத்து வளையம் தேய்ந்து ஒரு நாள் அறுந்து விழும், விழுந்தது தெரியாது. கனமாகச் செய்தால் யாராவது எட்டிப் பிடிக்கும்போது சங்கிலி அறாமல் கழுத்தை அறுக்கும். அதனால் எந்தச் சங்கிலியும் மைதானத்துக்கு ஆகாது. வீட்டில் இருந்து விசேஷத்துக்குப் போடுவதென்றால் மாமா சொல்வது சரி. ஒன்று கவனியுங்கள்: உள்ளே பொள்ளலாக இருக்கிற சங்கிலியை வாங்காதீர்கள். பார்க்கப் பெரிதாக இருக்கும். நசுங்கினால் நிமிர்த்துவது பெரும்பாடு. வளையங்களைப் பொடி வைத்து ஊதி, அதாவது சூட்டில் உருக்கி, ஒட்டியிருக்கிறதா, சும்மா மடித்து விட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

தோடு என்றால் கல் இல்லாத பொட்டுத் தோடு, சோடி இரண்டு கிராமுக்குள். கல் வைத்தால் கொக்கியில் கம்பளி நூல் மாட்டும். பண்டாரவளைத் தங்கச்சிக்கு நடந்தது அதுதான். விற்கும்போது கல்லின் நிறையையும் கழித்துவிடுவார்கள். தண்டு கொஞ்சம் தடிப்பாக, மரை ஆழமாக இருக்க வேண்டும். திருகாணியின் பின்பக்கம் உருண்டையாக இருக்கட்டும். பந்து காதில் பட்டால் கூரான முனை கழுத்தில் குத்தும். கடையிலேயே பத்துத் தடவை கழற்றிப் பூட்டிப் பாருங்கள். கூட ஒரு திருகாணி அதிகமாகச் செய்து வாங்குங்கள். டீச்சரின் பையில் குறைந்த அந்த ஒன்றுக்காகச் சொல்கிறேன்.

கவரிங்கில் காது அரிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் நிக்கல். வியர்வை பட்டால் அது இன்னும் கூடும். 22 கரட்டில் நாங்கள் கலப்பது செம்பும் வெள்ளியும்தான், அதனால் பெரும்பாலான காதுகள் ஏற்றுக்கொள்ளும். பில்லில் கரட், நிறை, கூலி மூன்றும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் தேசிய மாணிக்க, ஆபரண அதிகார சபையில் தங்கத்தைப் பரிசோதித்துக் கொடுக்கிறார்கள்.

என் எண்ணம்: இப்போது தோடு மட்டும். மீதி ஆறு கிராமை அவசரப்பட்டுச் செய்ய வேண்டாம்.

மஸ்கெலியா அப்பாயி:

இரண்டு கிராமில் பொட்டு மாதிரிப் போட்டால் தூரத்திலிருந்து மூளிக் காதாகத்தான் தெரியும். கிழிந்த காதுப் பிள்ளைக்காக மனசு கஷ்டமாக இருக்கிறது. அதற்காக எல்லாப் பிள்ளைக்கும் பொட்டுத் தோடா? தேர் அன்றைக்கு மட்டும் போட ஒரு சின்ன ஜிமிக்கி, கல் இல்லாமல். அதில் என்ன குறை?

பண்டாரவளை ஓட்டக்காரி:

குறை ஒன்றும் இல்லை, அப்பாயி. அவள் கேட்டால் வாங்கட்டும். கேட்காமல் காதில் மாட்ட வேண்டாம் என்பதுதான் நான் சொல்வது.

கொட்டகலை அம்மா:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை மகளையும் என் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஹட்டனுக்குப் போனோம். அம்மா ஜிமிக்கித் தட்டுப் பக்கமே நின்றார். மகள் ஒன்றைப் போட்டுப் பார்த்தாள், கண்ணாடியில் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் கடைக்குள்ளேயே நாலு தடவை குதித்துப் பார்த்துவிட்டுக் கழற்றி வைத்தாள். பொட்டுத் தோட்டை அவளே எடுத்தாள். சோடி ஒன்றே முக்கால் கிராம். கண்ணாடியைப் பார்க்காமல் இரண்டையும் கழற்றிக் காட்டினாள். கூட ஒரு திருகாணியும் வாங்கினோம். பையில் வைக்க ஒரு சின்ன சிப் பர்சையும் தானே தைத்துக்கொண்டாள்.

மீதிக் காசுக்குத்தான் வீட்டில் சண்டை. அவள் ஓடுவதற்கு ஸ்பைக்ஸ், அதுதான் அடியில் முள் வைத்த சப்பாத்து, கேட்கிறாள்.

தலவாக்கலை மாமா:

ஸ்பைக்ஸ் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் மற்றதை அலுமாரியில் காசாக வைக்காதீர்கள், தங்கச்சி. இந்த மாதமே சங்கிலிக்குச் சொல்லிவிடுங்கள். நான்கு கிராமுக்கு வந்தாலும் பரவாயில்லை.

பதுளை ஆசிரியை:

ஸ்பைக்ஸ் வாங்கும்போது கால் அளவை மாலையில் பாருங்கள், அப்போதுதான் கால் கொஞ்சம் பருத்திருக்கும். போட்டிக்கு முதல் நாள் இரவே தோட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். சிப் பர்ஸ் பயிற்சி நாளுக்குப் போதும்.

கொட்டகலை அம்மா:

சரி டீச்சர், அப்படியே செய்கிறோம். மாமா, சங்கிலி பற்றி வீட்டுக்காரரிடம் பேசியிருக்கிறேன், தை மாதம் பார்க்கலாம் என்கிறார்.

நேற்று இரவு மகள் தோட்டோடு தூங்கிவிட்டாள். அம்மா லைட்டைப் போட்டு அவள் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சின்னதுதான்" என்றார். பிறகு திருகாணி இறுகியிருக்கிறதா என்று இரண்டு பக்கமும் அவரே தொட்டுப் பார்த்துவிட்டு லைட்டை அணைத்தார்.