தீபாவளி விடுமுறையில் கோலசிலாங்கூர்: ஸ்கை மிரர், மின்மினி, மெலாவத்தி – எப்படிப் பிரித்துப் போவது?

பெர்ஜுந்தை தம்பி:

வணக்கம். மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில் இருக்கிறோம். தீபாவளிக்குக் கோயம்புத்தூரிலிருந்து அக்கா குடும்பமும் ஜோகூரிலிருந்து மாமா குடும்பமும் வருகிறார்கள். எங்களையும் சேர்த்து மொத்தம் பதினொரு பேர். அம்மா, பெரியம்மா இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. பெரியம்மாவுக்கு முட்டி வலி, படி ஏற முடியாது. கடைக்குட்டிக்கு நாலு வயது.

தீபாவளிக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் கையில் இருக்கிறது. கோலசிலாங்கூர் பக்கம் ஸ்கை மிரர், கெலிப் கெலிப் எனும் மின்மினி, புக்கிட் மெலாவத்திக் குன்று மூன்றையும் காட்டலாம் என்று நினைக்கிறோம். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கலாமா? பெரியவர்களைப் படகில் ஏற்றலாமா? பிள்ளைகள் கடலில் குளிக்க வேண்டும் என்கிறார்கள், அதற்கு எங்கே போவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடலோரக் கணக்கு:

தம்பி, நல்ல நாளாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். கோலசிலாங்கூர் போக ஞாயிற்றுக்கிழமையா திங்கட்கிழமையா என்று பார்ப்பதைவிடத் திதியைப் பார்ப்பதுதான் முக்கியம். வீட்டில் தொங்கும் தமிழ் நாட்காட்டியே போதும்.

ஸ்கை மிரர் என்பது கரையை ஒட்டிய இடம் இல்லை. சசாரான், ஜெராம் பக்கத்துப் படகுத்துறைகளிலிருந்து வேகப்படகில் அரை மணி நேரத்துக்கு மேல் போனால் நடுக்கடலில் வரும் மணல் திட்டு. மற்ற நேரமெல்லாம் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும். நீர் நன்றாக வற்றும்போது மட்டும் சில மணி நேரம் தலைகாட்டும். அப்போது மணல்மேல் மெல்லிய தண்ணீர் ஏடாக நிற்கும், அதில்தான் வானம் தெரிகிறது.

மலாக்கா நீரிணையின் இந்தப் பக்கம் ஏற்ற இறக்கம் பெரியது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏறக்குறைய நாலு மீட்டர் வரை ஏறி இறங்கும். சந்திரனும் சூரியனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் அந்த நாட்களில்தான் நீர் அடிவரை வற்றும். உச்சம் அமாவாசை அன்றே வராது, ஒன்றிரண்டு நாள் தள்ளிப் பிரதமை, துவிதியையில் வரும். அஷ்டமி வாக்கில் இரண்டும் செங்குத்தாக இழுப்பதால் நீர் பாதிக்குமேல் இறங்காது, திட்டு வெளியே வராது. படகுக்காரர்கள் மாதத்தில் இரண்டு கொத்தாகச் சில நாட்கள் மட்டும் ஆள் எடுப்பது இதனால்தான். அஷ்டமி நவமியில் பிரயாணம் வேண்டாம் என்று பாட்டிமார் சொல்வது இந்த ஒரு இடத்துக்கு அப்படியே பொருந்தும்.

தீபாவளி ஐப்பசி தேய்பிறைச் சதுர்த்தசி. ஆக, உங்கள் இரண்டு நாளும் அமாவாசை, பிரதமை, துவிதியைக்குள்தான் விழும். திட்டுக்கு இதைவிட நல்ல நாள் கிடையாது. ராத்திரி நிலா இல்லாததால் மின்மினிக்கும் இதுவே உகந்தது. தைப்பூச விடுமுறையில் போகிறவர்கள் கவனிக்கவும். அது பௌர்ணமியை ஒட்டி வருவது. திட்டு கிடைக்கும், ஆனால் நிலா வெளிச்சத்தில் மின்மினி மங்கிவிடும். பௌர்ணமிப் பக்கம்தான் விடுமுறை கிடைக்கிறது என்றால் மூன்று நாள் தள்ளிப் போங்கள். சங்கடஹர சதுர்த்தி விரதம் இருக்கிறவர்களுக்குத் தெரியும், அன்று நிலா எவ்வளவு தாமதமாக எழும் என்று. அதற்குள் படகு போய்த் திரும்பிவிடும்.

கிளம்பும் நேரத்தை நீங்கள் முடிவு செய்ய முடியாது. வற்றும் நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். படகு ஏஜென்ட் எந்த நேரம் சொல்கிறாரோ அதுதான், பத்து நிமிடம் தாமதமானால் படகு காத்திராது. கிள்ளான் துறைமுக நீர்மட்டப் பட்டியலை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அன்றைய தாழ்மட்ட எண் எவ்வளவு சின்னதோ, திட்டில் நிற்க அவ்வளவு நேரம் கிடைக்கும்.

ஒரே ஒரு கவலை மழை. ஐப்பசி பருவமாற்றக் காலம், மாலையில் இடிமழை வரும். அதனால் மின்மினியை முதல் நாளே வையுங்கள். மழை கெடுத்தால் இரண்டாம் நாள் கையில் இருக்கும்.

ரோத்தான் அக்கா:

தம்பி, பெரியம்மாவை ஸ்கை மிரருக்குக் கூட்டிப் போகாதீங்க. அது மேல்கூரை போட்ட உல்லாசப் படகு இல்ல. பைபர் படகு அலைமேல தட்டித் தட்டிப் போகும், ஒவ்வொரு தட்டும் முதுகெலும்புல இறங்கும். முட்டி வலி, இடுப்பு வலி, கர்ப்பிணி, சமீபத்துல ஆபரேஷன் செய்தவங்க யாருக்கும் ஆகாது. போறவங்களும் முன்பக்கம் உட்கார ஆசைப்படாதீங்க, அங்கதான் தூக்கித் தூக்கிப் போடும். பின்பக்கம், எஞ்சினுக்குக் கிட்ட நல்லது. குமட்டுற ஆளா இருந்தா மாத்திரைய ஏறுறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே போட்டுடணும், படகு கிளம்பினதுக்கப்புறம் போட்டா பிரயோஜனம் இல்ல.

நாலு வயசுக் குட்டிக்குச் சின்ன அளவு லைஃப் ஜாக்கெட் இருக்கான்னு பதிவு பண்ணும்போதே கேளுங்க. பெரியவங்க ஜாக்கெட்ட இறுக்கிக் கட்டினாலும் தண்ணியில பிள்ளை அதுக்குள்ளேயிருந்து நழுவிடும். இல்லன்னா குட்டிய விட்டுட்டுப் போறதே சரி. திட்டுல நிழல் கிடையாது, கழிவறை கிடையாது. படகுத்துறையிலேயே எல்லாரும் போயிட்டு வந்துடணும்.

அதனால இப்படிப் பிரிங்க. ஏழு பேரு ஸ்கை மிரர். அம்மா, பெரியம்மா, குட்டி, கூட ஒரு ஆள் புக்கிட் மெலாவத்தி. வார இறுதியிலயும் பொது விடுமுறையிலயும் சொந்த வண்டிய மேல விடமாட்டாங்க, அடிவாரத்துல டிராம் ஏறணும். முட்டி வலிக்காரங்களுக்கு அதுவே வசதி. மேல 1907-ல கட்டின கலங்கரை விளக்கம், பீரங்கி, பழைய கோட்டைச் சுவர், மரத்தடி பெஞ்சு எல்லாம் இருக்கு. 1784-ல டச்சுக்காரன் பிடிச்சு, மறுவருஷமே சுல்தான் இப்ராஹிம் திருப்பிப் பிடிச்ச மலை அது. ஊரிலிருந்து வர்ற மாமா மச்சானுக்குச் சொல்ல நல்ல கதை.

குரங்கு ரெண்டு வகை, குழப்பிக்காதீங்க. சாம்பல் நிறத்துல தலையில கூர்முடி வச்சிருக்கிறது லுத்தோங். சாது, கைய மெல்லப் பிடிச்சுத்தான் எடுத்துக்கும். அதோட குட்டி மட்டும் ஆரஞ்சு நிறம், தாயோட வயித்துல ஒட்டிக்கிட்டு இருக்கும்போது தனியா எடுத்துக் காட்டும், சில மாசத்துல சாம்பலாயிடும். நீண்ட வாலும் பழுப்பு நிறமுமா இருக்கிறது மற்றது. அது பையப் பறிக்கும், கண்ணாடியக் கழட்டும். பிளாஸ்டிக் பை சத்தம் கேட்டாலே ஓடி வரும். லுத்தோங்குக்கு ரொட்டி, பிஸ்கட் கொடுக்காதீங்க. இலை தின்னுற வயிறு அது. மாவும் சீனியும் போனா உள்ள புளிச்சு உப்பிடும்.

பெர்ஜுந்தை தம்பி:

ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. பிரித்துப் போகும் யோசனை நன்றாக இருக்கிறது. மின்மினிக்கு எல்லோரும் போகலாம்தானே? அக்கா வீட்டுக்காரர் பெரிய கேமரா கொண்டு வருகிறார், பட்டுப்புடவையோடு படம் எடுக்கணும் என்று அக்கா வேறு சொல்கிறாள். கடல் குளியல் பற்றி யாரும் சொல்லவில்லையே?

சம்பான் பக்கம்:

மின்மினிக்கு எல்லோரும் போகலாம். உங்கள் ஊரிலிருந்து கோலசிலாங்கூர் போகும் வழியிலேயே கம்போங் குவாந்தான் வந்துவிடும், டவுனுக்குப் போய்த் திரும்ப வேண்டியதில்லை. அங்கே கையால் துடுப்புப் போடும் மரச் சம்பான், ஒன்றில் நாலு பேர். பதினொரு பேருக்கு மூன்று சம்பான் கேளுங்கள். ஏறும்போது ஆடும், தாழ்வாக உட்கார வேண்டும். பெரியம்மாவை முதலில் ஏற்றி நடுவில் உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் ஒவ்வொருவராக ஏறுங்கள். அப்படி உட்கார முடியாது என்றால் கம்போங் புக்கிட் பெலிம்பிங்கில் மின்மோட்டார் படகு இருக்கிறது. ஆனால் சத்தமே இல்லாமல் மரத்தடிக்குப் போய் நிற்கும் சுகம் சம்பானில்தான்.

பெரெம்பாங் என்ற ஆற்றோர மரத்தில்தான் மின்மினிகள் கூடும், ஆற்றங்கரையில் எல்லா மரத்திலும் இல்லை. இலைக்கு ஒன்றாக உட்கார்ந்து, ஆண் பூச்சிகள் சேர்ந்து ஒரே தாளத்தில் மின்னும். பெண்ணை அழைக்கிற விளக்கு அது. டார்ச், போன் திரை, கேமரா பிளாஷ் எது பட்டாலும் அந்தத் தாளம் கலைந்துவிடும். போன் கேமராவில் ஒன்றும் விழாது. பெரிய கேமராவும் ஆடுகிற படகில் கோடுகோடாகத்தான் காட்டும். மச்சானிடம் கேமராவை வேனிலேயே வைக்கச் சொல்லுங்கள், கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் கொடுங்கள். அப்போது தெரிவது எந்தப் படத்திலும் இல்லை.

கொசு உண்டு, முழுக்கால் சட்டை போடுங்கள். கொசு மருந்தை வேனிலேயே பூசிக் கையைக் கழுவிவிட வேண்டும். மருந்து பூசிய கை பட்டால் பூச்சி செத்துவிடும். பிடித்துப் பாட்டிலில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோக நினைக்கும் பிள்ளைகளைத் தடுங்கள். முட்டை கரையின் ஈரமண்ணில், புழுவுக்கு உணவு அங்குள்ள சின்ன நத்தை. கரையை வெட்டித் திருத்தினால், ஆறு அழுக்கானால், வெளிச்சம் அதிகமானால் எண்ணிக்கை குறைந்துவிடும். நம் ஊர் வழியாக ஓடி வருகிற சிலாங்கூர் ஆறுதான் அது. இங்கே நாம் கொட்டும் குப்பை அங்கேதான் போய்ச் சேரும்.

மணி 7.45க்குள் அங்கே இருங்கள். மழை வந்தால் உடனே திரும்பிவிடாதீர்கள், மழை விட்டபின் மறுபடி மின்னும்.

சாப்பாட்டை அதற்கு முன்பே, ஆறு மணிவாக்கில் பாசீர் பெனாம்பாங்கில் முடித்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாளில் ஏழு மணிக்குப் போய் உட்கார்ந்தால் மீன் மேசைக்கு வருவதற்குள் படகு நேரம் போய்விடும். நண்டு, இறால் எல்லாம் எடைக்கணக்கு. கிலோ என்ன விலை என்று கேட்டு, கண்முன்னே எடை போட்ட பிறகு சமைக்கச் சொல்லுங்கள். அமாவாசை விரதம் இருப்பவர்களுக்கு டவுனில் நம்மவர் கடைகள் இருக்கின்றன.

கடலோரக் கணக்கு:

ஸ்கை மிரர் படம் பற்றி. பட்டுப்புடவை வேண்டாம். உப்புத் தண்ணீர் புடவைக் கரை வரை ஏறும், ஜரிகை கறுத்துவிடும். கணுக்காலுக்கு மேல் நிற்கும் காட்டன் பாவாடை, சுடிதார் நல்லது. சிவப்பு, மஞ்சள், கரும்பச்சை எடுப்பாக விழும். வெள்ளை, சாம்பல், வெளிர்நீலம் வானத்தோடு கரைந்துவிடும்.

பிரதிபலிப்பு முழுதாக வர வேண்டுமென்றால் போனைத் தலைகீழாகப் பிடித்து, லென்ஸ் தண்ணீருக்கு ஒரு விரற்கடை மேலே இருக்கும்படி வையுங்கள். நின்றபடி எடுத்தால் மணல்தான் தெரியும். பார்வை தண்ணீரை எவ்வளவு சாய்வாகத் தொடுகிறதோ அவ்வளவு வானம் அதில் விழும். காற்று அடித்தால் உருவம் உடையும். அப்போது எடுத்துப் பயனில்லை, சில நிமிடம் பொறுங்கள். மற்றவர்கள் பின்னால் பத்தடி தள்ளி நிற்கட்டும். ஒருவர் காலை அசைத்தாலும் வட்டம் வட்டமாக அலை வந்துவிடும். போனுக்குத் தண்ணீர் புகாத உறை கட்டாயம்.

வெயில் மேலிருந்து மட்டும் அடிக்காது, தண்ணீரில் பட்டு மேலேயும் ஏறும். சன்ஸ்கிரீனை மோவாய்க்குக் கீழும் மூக்கடியிலும் பூசுங்கள், எல்லோரும் விடுகிற இடம் அதுதான். சிலிப்பர் சேற்றில் உருவிக்கொள்ளும், சிப்பி காலைக் கிழிக்கும். பின்பட்டி உள்ள ரப்பர் காலணி போடுங்கள்.

திட்டு தட்டையானது என்பதால் நீர் ஏறத் தொடங்கினால் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் ஏறும். படகுக்காரர் விசில் ஊதினால் “இன்னும் ஒரு படம்” வேண்டாம். தூரத்தில் இடி கேட்டாலும் உடனே படகுக்குத் திரும்புங்கள். அந்த வெளியில் மனிதரைவிட உயரமான பொருள் எதுவும் கிடையாது.

ரோத்தான் அக்கா:

கடல் குளியலுக்கு இந்தக் கரை ஆகாது தம்பி. ஜெராம், பந்தாய் ரெமிஸ் எல்லாம் ஆத்து வண்டல் வந்து படிஞ்ச சேத்துக் கரை. காத்து வாங்கலாம், மீன் சாப்பிடலாம், பிள்ளைங்க இறங்கினா முழங்கால் வரைக்கும் புதையும். குளிக்கணும்னா தெற்கே இருக்கிற போர்ட்டிக்சன் கடற்கரைதான். ஆனா அத இந்த ரெண்டு நாளுக்குள்ள திணிக்காதீங்க, விடுமுறை நெரிசல்ல பாதி நாள் ரோட்டுலயே போயிடும்.

அதுக்குப் பதிலா இரண்டாம் நாள் செகிஞ்சான் போங்க. வயல் ரெண்டு போகம் விளையுற ஊர். போற நேரத்துல பச்சையா இருக்கா, அறுத்துட்டாங்களான்னு முன்னாடியே விசாரிச்சுக்குங்க. அறுத்த வயல காட்டக் கோயம்புத்தூர்க்காரங்கள அவ்வளவு தூரம் கூட்டிப் போக வேண்டாம். திரும்பும்போது கருவாடு வாங்குறதா இருந்தா, அழுத்திப் பார்த்து ஈரம் இல்லாததா எடுங்க. ஊருக்குக் கொண்டு போறவங்களுக்கு ரெண்டு சுத்துத் தாள், அதுக்கு மேல காத்துப் புகாத பை. இல்லாட்டி பெட்டியில இருக்கிற புதுத்துணி எல்லாம் கருவாட்டு வாசம்தான்.

ஸ்கை மிரர் போறவங்களுக்கு வேன்ல ஆளுக்கு ஒரு மாத்துத்துணியும், கால் கழுவ ரெண்டு பெரிய பாட்டில் நல்ல தண்ணியும் வச்சிடுங்க. படகுத்துறைக் குழாய்ல விடுமுறை நாள்ல வரிசை நிக்கும்.