வற் 18 வீதம்: விழுத்தியது அவர்கள், கட்டுவது நாங்களா?

நெல்லியடிக் கடை (2024 பெப்ரவரி 5, இரவு 8.40)

இன்று பின்னேரம் ஓர் அம்மா கடைக்கு வந்தார். சலவைச் சவர்க்காரக் கட்டி ஒன்றை எடுத்தார், திருப்பி விலையைப் பார்த்தார், மறுபடியும் வைத்தார். எடுத்த இடத்தில் வைக்கவில்லை, பிஸ்கட் தட்டில் வைத்துவிட்டுப் போனார். அவர் போன பிறகுதான் கவனித்தேன்.

ஜனவரி முதலாம் திகதியில் இருந்து வற் என்கிற பெறுமதி சேர் வரி 18 வீதம். முன்பு வரி இல்லாமல் இருந்த எரிவாயுவையும் பெற்றோலையும்கூட உள்ளே இழுத்துவிட்டார்கள். நாட்டை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்கள் யார் என்று உயர் நீதிமன்றமே கடந்த நவம்பர் 14ஆம் திகதி சொல்லிவிட்டது. ராஜபக்ச சகோதரர்கள் கோட்டாபய, மகிந்த, பசில், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் இருவர் என்று பெயர் சொல்லி, மக்கள் வைத்த நம்பிக்கையை மீறினார்கள் என்று ஐந்து நீதியரசர்களில் நால்வர் தீர்ப்பு எழுதினார்கள். தண்டனை என்ன? வழக்குப் போட்டவர்களுக்கு 150,000 ரூபாய் வழக்குச் செலவு. இந்தக் காலத்தில் அதற்கு ஒரு நல்ல குளிர்சாதனப் பெட்டி வாங்கலாம், அவ்வளவுதான்.

இனி எந்தத் தேர்தலிலும் நான் வாக்குப் போடப் போவதில்லை. எவர் வந்தாலும் கை திறைசேரிக்குள்தான். பத்திரிகையும் தொலைக்காட்சியும் அவர்களுக்கு முன்னால் தவில் அடித்துக்கொண்டு போகின்றன. யாராவது மறுத்துச் சொல்லுங்கள் பார்ப்போம்.

ஐந்தொகை (இரவு 9.15)

மறுக்கிறேன் அக்கா. கோபம் நியாயம், கணக்குப் பிழை.

களவு நடந்தது, இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் நாட்டை விழுத்தியது இருட்டில் நடந்த களவு மட்டுமல்ல. பட்டப்பகலில், வர்த்தமானியில் அச்சடித்து, கைதட்டலோடு நடந்ததும் உண்டு. நாம் எல்லோரும் கைதட்டினோம். 2019 டிசம்பர் முதலாம் திகதி வற் 15 வீதத்தில் இருந்து 8 வீதத்துக்கு இறங்கியது. ஆண்டுக்கு 1.2 கோடி ரூபாய் வியாபாரம் செய்தாலே பதிய வேண்டும் என்று இருந்ததை 30 கோடிக்கு உயர்த்தினார்கள். சம்பளத்தில் பிடிக்கும் வரியையும் நீக்கினார்கள். மொத்த உற்பத்தியில் சுமார் 12 வீதமாக இருந்த அரச வருமானம் 2022இல் சுமார் 8 வீதத்துக்கு வந்து நின்றது. வருமானம் போனதும் நோட்டு அச்சடித்தார்கள், கையிருப்பு டொலரை எடுத்துக் கடன் கட்டினார்கள். 2022 ஜனவரி 18ஆம் திகதி, ஆஸ்பத்திரிகளில் மருந்து குறையத் தொடங்கிய நேரத்தில், 50 கோடி டொலர் பிணைமுறிக் கடனை ஒரே தவணையில் கட்டிவிட்டுப் பெருமை பேசினார்கள். மூன்று மாதத்தில், ஏப்ரல் 12ஆம் திகதி, இனிமேல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள்.

நான் வெள்ளவத்தையில் கணக்காளர். அந்த டிசம்பரில் என்னிடம் வந்த ஒரு வாடிக்கையாளர்கூட இந்த வரிக்குறைப்பு நாட்டைக் கவிழ்க்கும் என்று சொல்லவில்லை. வற் பதிவை எப்படி ரத்துச் செய்வது என்று மட்டும் கேட்டார்கள். நானும் படிவம் நிரப்பிக் கொடுத்துக் கட்டணம் வாங்கினேன்.

உங்களிடம் ஒரு கேள்வி. அந்த மாதம் உங்கள் கடையில் எந்தப் பொருளின் விலையைக் குறைத்தீர்கள்?

டொரொன்டோப் பனி (இரவு 9.50)

இதெல்லாம் நமக்கு எதற்கு? 2019 ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபயவைக் கொண்டுவந்தது 69 இலட்சம் வாக்குகள். யாழ்ப்பாண மாவட்டத்தில் 83 வீதத்துக்கு மேல் அவரை எதிர்த்து நின்ற சஜித்துக்குப் போட்டார்கள். விதைத்தவன் அறுக்கட்டும். நம்முடைய சனம் ஏன் குற்ற உணர்ச்சியோடு இருக்க வேண்டும்?

லயம் 7 (இரவு 10.05)

அண்ணா, நாங்களும்தான் போடவில்லை. நுவரெலியாவிலும் சஜித்தான் வென்றார். அதற்காக வற் எங்கள் தோட்டத்து லய வீட்டு வாசலில் நின்று “நீங்கள் யாருக்குப் போட்டீர்கள்” என்று கேட்டுவிட்டு உள்ளே வருவதில்லை.

என் அம்மா கொழுந்து பறிக்கிறார். நாட்கூலி 2021 மார்ச்சில் ஆயிரம் ரூபாய் ஆனது, இன்றைக்கும் ஆயிரம்தான். அந்த ஆயிரத்துக்கும் கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பெயர் போடுவார்கள், அதாவது அரைநாள் கூலிதான். நூறு ரூபாய் அளவில் இருந்த ஒரு கிலோ கோதுமை மா 2022இல் முந்நூறைத் தாண்டியது. ரொட்டி சுடுகிற வீட்டில் இதன் பொருள் என்ன என்று சொல்லத் தேவையில்லை. அம்மா முதலில் தன் ரொட்டியைச் சின்னதாகத் தட்டினார், பிறகு எல்லோருடையதையும்.

ஐந்தொகை ஐயாவுக்கும் ஒன்று. “நாம் எல்லோரும் கைதட்டினோம்” என்று பொதுவில் போடாதீர்கள். சம்பளத்தில் வரி பிடிக்கும் அளவுக்குச் சம்பளம் வாங்கியவர்கள் கைதட்டினார்கள். எங்கள் தோட்டத்தில் அந்த வரியின் பெயரே எவருக்கும் தெரியாது. கடைசியில் 2023 ஜூலையில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று கொண்டுவந்தபோது வங்கிகளின் பிணைமுறிகளை விட்டுவிட்டு, ஊழியர் சேமலாப நிதியில்தான் கைவைத்தார்கள். அது என் அம்மா முப்பது வருடம் குனிந்து சேர்த்த காசு.

ஐந்தொகை (இரவு 10.30)

தம்பி சொல்வது சரி. “நாம்” என்ற சொல்லை மீளப் பெறுகிறேன். சேமலாப நிதி விடயத்தில் எனக்கு மறுப்பே இல்லை, அது அநியாயம்.

ஆனால் டொரொன்டோவை அப்படி விடமாட்டேன். 2015 ஜனவரியில் மைத்திரிபாலவை ஜனாதிபதியாக ஏற்றி வைத்ததில் வடக்குக்கும் கிழக்குக்கும் பங்கு உண்டு, நானும் போட்டேன். ஆட்சிக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பெப்ரவரி 27ஆம் திகதி 100 கோடி ரூபாய்க்கு ஏலம் என்று அறிவித்த பிணைமுறியை 1,000 கோடிக்கு விற்றார்கள். மத்திய வங்கி ஆளுநர் அர்ஜுன மகேந்திரனின் மருமகனுடைய நிறுவனம் இலாபம் பார்த்தது. ஆளுநர் சிங்கப்பூருக்குப் போனவர்தான், திரும்பவில்லை. அப்போது நம்முடைய ஆட்கள் எத்தனை பேர் தெருவில் நின்றோம்? நம்முடைய அரசாங்கம் என்று பொத்திக்கொண்டு இருந்தோம்.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். 2021 கடைசியில் ஊருக்குக் காசு அனுப்பியது வங்கி வழியாகவா, வங்கிக்கு வெளியே கைமாற்றும் உண்டியல் வழியாகவா?

டொரொன்டோப் பனி (இரவு 10.41)

உண்டியல். மத்திய வங்கி ஒரு அமெரிக்க டொலரை 203 ரூபாயில் ஆணி அடித்து வைத்திருந்தது. வெளியே 240க்கு மேல் தந்தார்கள். அம்மாவின் மருந்துக் காசை நான் ஏன் ஆளுநர் கபராலின் கௌரவத்துக்காகக் குறைக்க வேண்டும்?

ஐந்தொகை (இரவு 10.44)

குறைத்திருக்கக் கூடாது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதையே செய்திருப்பேன். டொலர் வங்கிக்கு வராமல் போனது அப்படித்தான் என்று மட்டும் சொல்கிறேன்.

நெல்லியடிக் கடை (இரவு 11.02)

ஐந்தொகைத் தம்பி நன்றாகப் படிவம் நிரப்புவீர்கள் என்று விளங்குகிறது. மத்தல விமான நிலையத்தை எந்தப் படிவத்தில் போடுவீர்கள்? 2013இல் திறந்தார்கள், 2015இல் அங்கே நெல் மூட்டை அடுக்கினார்கள். உலகத்தில் நெல் மூட்டைக்கு ஓடுபாதை கட்டிக்கொடுத்த ஒரே நாடு இதுதான். ஸ்ரீலங்கன் விமானக் கம்பனி? 2007இல் லண்டனில் இருந்து திரும்பும்போது மகிந்தவின் பரிவாரத்துக்காகப் பயணிகளை இறக்கிவிட மறுத்தார்கள் என்பதற்காக எமிரேட்ஸ் நியமித்த நிர்வாகியின் விசாவைப் பறித்தார்கள். அடுத்த வருடம் எமிரேட்ஸ் கை கழுவிவிட்டுப் போனது. அதன் பிறகு அந்தக் கம்பனியின் நட்டத்தைச் சுமப்பவர்கள் விமானத்தையே கிட்ட நின்று பார்க்காத சனம். இதற்கும் சேர்த்து நான் சவர்க்காரத்துக்கு வரி கட்ட வேண்டுமா?

ஐந்தொகை (இரவு 11.20)

மத்தலவுக்குப் போனது ஏறக்குறைய 20 கோடி டொலர். 2019 வரிக்குறைப்பால் மொத்த உற்பத்தியில் 2 வீதத்துக்கு மேல் வருமானம் போனது என்று சர்வதேச நாணய நிதியம் கணித்தது. நாட்டின் உற்பத்தி 8,500 கோடி டொலர் அளவு என்று வைத்தால் ஓர் ஆண்டுக்கு 170 கோடி. எட்டு மத்தலவுக்கு மேல் அக்கா, ஒவ்வொரு ஆண்டும். மத்தலயை எல்லோரும் படம் பிடிக்கலாம், வராத வரியைப் படம் பிடிக்க முடியாது. அதனால்தான் ஒன்று தலைப்புச் செய்தி, மற்றது ஒன்பதாம் பக்கம்.

பழைய நிருபர் (2024 பெப்ரவரி 6, காலை 6.10)

வயதானவனுக்கு விடிய எழும்புவதுதான் பழக்கம். ஊடகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை.

தவில் அடித்தோம் என்கிறாள் நெல்லியடிக் கடை மகள். அடித்தோம். 2020இல் கேகாலையில் ஒருவர் காளியம்மன் அருளால் கொரோனாவுக்கு மருந்துப் பாணி காய்ச்சினார். அதைச் சுகாதார அமைச்சரே குடித்துக் காட்டினார், தொலைக்காட்சிகள் இரவு பகலாகக் காட்டின. பின்னால் ஆயிரக்கணக்கில் வரிசை. அந்த ஆண்டில்தான் கடன் தரப்படுத்தும் நிறுவனங்கள் இலங்கையின் தரத்தை அடுத்தடுத்து இறக்கின. பாணிக்குக் கிடைத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கு அதற்குக் கிடைக்கவில்லை.

எழுதியவர்களே இல்லை என்றால் மட்டும் ஏற்கமாட்டேன். மிக் விமானக் கொள்வனவில் காசு எங்கே போனது என்று எழுதிய லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8ஆம் திகதி வேலைக்குப் போகும் வழியில் கொல்லப்பட்டார். யாழ்ப்பாணத்தில் செய்தியாளர் நிமலராஜனை 2000 ஒக்டோபரில், ஊரடங்கு நேரத்தில், வீட்டுக்குள் வைத்தே சுட்டார்கள். 2006 மே மாதம் உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள் புகுந்து இருவரைக் கொன்றார்கள். அதற்குப் பிறகு எங்களில் பலர் வானிலையும் கோவில் திருவிழாவும் எழுதினோம். அதைக் கோழைத்தனம் என்பவர்கள் அந்த நாட்களில் இரவுப் பணி முடித்துச் சைக்கிளில் வீடு திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். இப்போது போன மாதம் 24ஆம் திகதி இணையப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்றையும் நிறைவேற்றி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். 2019 டிசம்பரில் வரிச் செய்தி என் மேசைக்குத்தான் வந்தது. “மக்களுக்குப் பெரும் சலுகை” என்று நான்கு பத்தித் தலைப்புப் போட்டேன். அரச வருமானம் என்னவாகும் என்று ஒரு விரிவுரையாளர் எழுதி அனுப்பிய கட்டுரை இழுப்பறையில் கிடந்தது. இடம் இல்லை என்றேன். அந்த வாரம் இரண்டு பக்கம் கார்த்திகை மாத ராசிபலன் போனது.

கட்டுமரம் (காலை 9.30)

கரைக்கு வந்து இப்போதுதான் வாசித்தேன். எல்லோரும் 2019, 2015 என்கிறீர்கள். எனக்கு ஒரு திகதிதான் தெரியும், 2022 ஓகஸ்ட். 87 ரூபாய் விற்ற மண்ணெண்ணெய் ஓர் இரவில் 340 ஆனது. என் வெளியிணைப்பு இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுவது. மூன்று கிழமை படகு மணலில் கிடந்தது. நண்டு படகுக்குக் கீழே வளை தோண்டிவிட்டது.

வாக்குப் போடமாட்டேன் என்கிற அக்காவிடம் கேட்கிறேன். போடாமல் இருந்தால் யாருக்கு வலிக்கும்? போன மார்ச் 9ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் என்றார்கள். பாதீட்டில் 1,000 கோடி ஒதுக்கி இருந்தார்கள், அதைத் தடுக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றமும் உத்தரவு போட்டது. காசு இல்லை என்று சொல்லித் தேர்தலையே நடத்தவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்னால் 75ஆவது சுதந்திர தினத்துக்கு 20 கோடி ரூபாய் இருந்தது. எங்கள் பிரதேச சபையில் இன்றைக்கும் உறுப்பினர் இல்லை, தெருவிளக்கு எரியவில்லை என்றால் சொல்ல ஆள் இல்லை. வாக்குக்கு அவர்கள் பயப்படாவிட்டால் ஏன் ஒளித்து வைக்கிறார்கள்?

நெல்லியடிக் கடை (காலை 11.45)

தம்பி, நீங்கள் சொல்வதையே நான் திருப்பிச் சொல்கிறேன். நடத்துவதா இல்லையா என்பதையும் அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள் என்றால் என் புள்ளடிக்கு என்ன பெறுமதி? இந்த ஆண்டு ஜனாதிபதித் தேர்தல் வரும் என்கிறார்கள். வரட்டும், அன்றைக்குப் பார்ப்போம். இப்போதைக்கு என் முடிவில் மாற்றம் இல்லை.

ஐந்தொகையின் கேள்விக்கு இரவு முழுவதும் பதில் தேடினேன். அந்த டிசம்பரில் ஒன்றிரண்டு கம்பனிகள் விலையைச் சில ரூபாய் இறக்கின. நான் இறக்கவில்லை, பழைய சரக்கு என்று சொன்னேன். பழைய சரக்கு தை மாதத்திலேயே முடிந்துவிட்டது. சித்திரை வரைக்கும் பழைய சரக்கு என்றுதான் சொல்லிக்கொண்டு இருந்தேன். பெரிய காசு இல்லை. ஆனால் கேட்டுவிட்டீர்கள், சொல்லாமல் விட மனம் வரவில்லை. அமைச்சர்மாரோடு என்னையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம்.

லயம் 7 (காலை 11.58)

வைக்கவில்லை அக்கா. அவர்களில் ஒருவர்கூட இதுவரை இப்படிச் சொன்னதில்லை.

நெல்லியடிக் கடை (மாலை 5.20)

அந்த அம்மா இன்று மறுபடியும் வந்தார். சவர்க்காரத்தில் பாதி தருவீர்களா என்று கேட்டார். அறுத்துக் கொடுத்தேன். கணக்காளரே, அரைக் கட்டிக்கும் வற் உண்டா?

ஐந்தொகை (மாலை 5.42)

உண்டு. உங்கள் கடை வற் பதிவில் இல்லை, அதனால் சிட்டையில் தெரியாது. கட்டியின் விலைக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் அறுக்கும்போது அதுவும் இரண்டாகிவிடும்.

கட்டுமரம் (மாலை 6.05)

கத்தியால் அறுக்காதீர்கள் அக்கா, தூளாக உதிர்ந்து வீணாகும். மீன்பிடிக்கிற தங்கூசி நரம்பால் இழுத்தால் வெண்ணெய் மாதிரிப் போகும். நெல்லியடிப் பக்கம் வரும்போது ஒரு முழம் கொண்டுவந்து தருகிறேன்.